பக்கத்தில் முளைக்காதவை

ஃபிஜியின் வுனிமோனோ பக்கத்து ஆள் யாரை ஆக்லாந்தில் பார்த்தாலும் பேச்சு கொஞ்ச நேரத்தில் அவரிடம் வந்து நிற்கும். மனைவி இங்கே, மகள் இங்கே, விசாவும் வந்துவிட்டது. மனுஷன் ஏன் கடைசி வரை வரவில்லை? பிடிவாதம் என்பார் ஒருவர். ஊரை விட மனசில்லை என்பார் இன்னொருவர். அங்கே வேறு ஏதாவது இருந்திருக்கும் என்று கண்ணைச் சிமிட்டுகிறவர்களும் உண்டு. ஊரே பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கைக்கு வந்த விசாவை வேண்டாம் என்றவரைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். காரணம் எனக்குத் தெரியும். அவரே சொன்னார். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் அந்தக் காரணத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

நவுசோரியில் விவசாய இலாகாவின் சின்ன அலுவலகம் ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் அங்கே அதிகாரி. ரேவா ஆற்றங்கரைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பது அவர் வேலை. சுற்றிவிட்டு வந்து எழுதுவதை அடித்துக் கொடுப்பது என் வேலை. அலுவலகத்தில் எல்லாரும் பேசுவது ஃபிஜி ஹிந்தி. தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். என் அப்பா கோயிலில் தமிழ் வகுப்பு நடத்தியவர் என்பதால் எனக்கு எழுதப் படிக்கவும் வந்தது. அவருக்குப் பேச்சு மட்டும், அதுவும் அவருடைய அம்மா வாய்வழி வந்த பழைய மதராஸ் தமிழ். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். தலைமை குமாஸ்தாவைப் பற்றி அவர் எதிரிலேயே புறம் பேச எங்களுக்கு அந்த மொழி ரொம்ப வசதியாக இருந்தது.

தோட்டக்காரர்கள் வாடிய செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து மேஜையில் போடுவார்கள். மற்ற அதிகாரிகள் என்றால் உரம் என்ன போட்டாய், பூச்சி இருந்ததா, தண்ணீர் தேங்கியதா என்று கேட்பார்கள். இவர் செடியைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். "பகல்மே கோன்ச்சி ஹே?" என்பார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அர்த்தம். கத்தரி காய்க்கவில்லையா, பக்கத்தில் என்ன? கடுகு முளைக்கவில்லையா, பக்கத்தில் என்ன? ஒரு பையன் பரீட்சையில் தேறவில்லை என்று அவன் அப்பா புலம்பினால், வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று விசாரிப்பார். கடைசியில் ஊர் அந்தக் கேள்வியையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. அவருடைய ஜீப் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் "பகல்மே வந்தாச்சு" என்று கத்துவார்கள். அவரும் கை ஆட்டிக்கொண்டு போவார்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சவுக்கு மரம் நின்றது. அதன் அடியில் ஒரு புல்கூட இருக்காது, பெருக்கி விட்ட மாதிரி வெறும் மண். நிழல் விழுவதால் இருக்கும் என்று ஒரு நாள் சொன்னேன்.

"நெழல் இல்ல தங்கச்சி. அந்தாண்ட ரெயின்ட்ரீ இதவிடப் பெரிசு. அது கீழ புல்லு எப்படி மண்டிக் கெடக்கு பாரு. இதோட எலையில ஒரு சத்து இருக்கு. மழ பெஞ்சா கரைஞ்சு மண்ணுல எறங்கும். அப்புறம் வேற வெத மொளைக்காது. மொளைச்சாலும் வேர் ஓடாது."

"அவ்வளவு பொல்லாத மரமா?"

"பொல்லாததுன்னு சொல்லாத. கோவத்துலயா செய்யுது? அது பாட்டுக்கு நிக்குது, எல உதிருது, பக்கத்துல இருக்கிறது வாடுது. மரத்துக்கு இது தெரியவே தெரியாது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அந்த மரத்தின் மேல் ஒரு இரக்கம் இருந்தது. விசித்திரமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னல் விளிம்பில் எப்போதும் எனாமல் கோப்பைகளை வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு இலை ஊறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சின்னத் தட்டுகளில் ஈரத்துணி, துணி மேல் கடுகு. ஒரு தட்டுக்கு வெறும் தண்ணீர், மற்றதுக்கு இலை ஊறிய தண்ணீர். எது முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்று தினமும் குனிந்து பார்ப்பார். நாங்கள் எலுமிச்சைப் புல்லைக் கொதிக்க வைத்து டீ குடிக்கிறவர்கள். தலைமை குமாஸ்தா ஒரு நாள் சவுக்கு இலைத் தண்ணீரை அந்த டீ என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். இவர் பதறவே இல்லை. எவ்வளவு குடித்தீர்கள் என்று விசாரித்துவிட்டு, கடுகுத் தட்டுகளை மட்டும் அவர் மேஜையிலிருந்து தள்ளி வைத்தார்.

அந்தச் சமயத்தில் என் டைப்பிங்கிலும் தப்பு மிகுந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான், பக்கத்தில் என்ன? பக்கத்தில் தலைமை குமாஸ்தா இருந்தார். அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, தானே என் மேஜையைத் தூக்கி ஜன்னலோரம் போட்டார். தப்பு குறைந்தது. "பாத்தியா?" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரிந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே சாவி பத்துப் பூட்டைத் திறந்துவிட்டால் பதினொன்றாவது பூட்டுக்கு வேறு சாவி தேட மனசு வராது போல.

எண்பத்தேழில் கூ வந்தது. ராணுவம் பார்லிமெண்டுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்ததை நாங்கள் எந்த மொழியில் பேசினாலும் கூ என்றுதான் சொல்வோம். கடைகள் உடைபட்டன. சில வீடுகளில் கல் விழுந்தது. தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். நிலம் காய்வீத்திகளுடையது, அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

நானும் வுனிமோனோதான். ஒரு மத்தியானம் அலுவலக ஜீப்பில் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தவரை ஒரு தோட்டக்காரரின் மனைவி வழியில் மறித்தார். பீன்ஸ் பாத்தியில் மூன்று தடவை விதைத்தும் ஒன்றும் முளைக்கவில்லை. பாத்தியை ஒட்டி ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு காய்வீத்திக் குடும்பத்தின் டலோக் கிழங்குத் தோட்டம். நிலமே அவர்கள் குலத்துக்குச் சொந்தம்.

"பகல்மே கோன்ச்சி ஹே?" என்றார் இவர், வழக்கம் போல.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினார். "பக்கத்துல யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா அண்ணே? அவங்கதான். ட்ரௌனிகாவ் வச்சிருக்காங்க."

இலைதழைகளைப் புதைத்துச் செய்கிற சூனியத்துக்கு ஃபிஜியில் அதுதான் பெயர். அந்த நாட்களில் இப்படி ஒரு பேச்சு வாய்க்காலைத் தாண்டிவிட்டால் குத்தகை போகும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

"யாருன்னு கேக்கல. என்னன்னு கேட்டேன்" என்றார் அவர். மண்கொத்தியை வாங்கிப் பாத்தியைக் கிளறினார். ஒரு சாண் ஆழத்தில் கறுத்துப் போய் அடையாக இலைகள் வந்தன. அந்த அம்மாள் "ஐயோ, இதோ பாருங்க" என்று பின்வாங்கினார். இவர் ஒன்றை எடுத்துக் கழுவினார். மாவிலை. நரம்பில் தோரணம் கட்டிய நூல் இன்னும் இருந்தது.

"இது ஒன் வூட்டுத் தோரணம்தானே?"

அம்மாள் கிட்டே வந்து பார்த்தார். "ஆமா. மவ கல்யாணப் பந்தல்ல கட்டினது. அப்புறம் வெள்ளிக்கெழம பூசைக்குக் கட்டினதும் இருக்கும். சாமிக்குக் கட்டின எலைய காலு படற எடத்துல போடலாமா? பாத்தியிலதான் யாரும் மிதிக்க மாட்டாங்கன்னு நாந்தான் பொதைச்சேன்."

"ஆத்துலதானே வுடுவீங்க?"

"கூவுக்கப்புறம் எந்தப் பொம்பளண்ணே ஆத்துக்குப் போவா? கோரோ வழியாதானே போவணும்."

கோரோ என்றால் காய்வீத்திகளின் கிராமம். ஆற்றுக்குப் போகும் பாதை அதன் நடுவே போனது. பயத்தில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆற்றுக்குப் போக வேண்டிய மாவிலை எல்லாம் பாத்தியில் சேர்ந்தது. மாவிலைச் சாறு பீன்ஸை முளைக்க விடவில்லை. பழி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனது. அவர் இதை அந்த அம்மாளுக்கு ஒரு குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு இலைகளை ஒரு சாக்கில் வாரிக்கொண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற காய்வீத்திக்காரரைக் கூப்பிட்டார். சூனியப் பேச்சை விட்டுவிட்டு, சாமி இலை, ஆற்றில் விட வேண்டும், பெண்கள் வரப் பயப்படுகிறார்கள் என்று மட்டும் ஹிந்தியில் சொன்னார். அந்த மனிதர் வாய்க்காலைத் தாண்டி வந்து சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த அம்மாள், அவர் புருஷன், இவர், நான் எல்லாரும் பின்னால் போனோம். கோரோவில் பிள்ளைகள் எங்களைப் பார்த்து "பூலா, பூலா" என்று வணக்கம் சொல்லிக் கத்தினார்கள். அந்தக் கூ காலத்தில் என் மனசு லேசானது அன்று ஒரு நாள்தான்.

திரும்பி வந்ததும் தோட்டக்காரர் வராந்தாவில் பாய் விரித்து கிரோக் கரைத்தார். யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கிறதை நாங்கள் அப்படிச் சொல்வோம். காய்வீத்திக்காரர் ஒரு சிரட்டை குடித்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். அவர் போனதும் தோட்டக்காரர் சொன்னார்:

"அண்ணே, நீங்க சொல்றதப் பாத்தா அவங்களும் மாவெல மாதிரிதான். அவங்க பக்கத்துல நாம மொளைக்கவே முடியாது."

இவர் சிரட்டையைக் கீழே வைத்தார். "இப்பத்தான் ஒன் மூட்டையத் தோள்ல தூக்கினான்."

"அது வேறண்ணே."

"என்ன வேற? செடிக்குக் காலு இல்ல, வாயி இல்ல. எழுந்து தள்ளிப் போவ முடியாது. இது ஒனக்கு, அது எனக்குன்னு பேச முடியாது. வேற வழி இல்லாமதான் மண்ணுல எறக்குது. ஒனக்கு ரெண்டும் இருக்கு."

தோட்டக்காரர் சிரித்தார். "துப்பாக்கி முன்னால வாய வச்சிகிட்டு என்ன செய்ய? காலு இருக்கு. அதான் பாஸ்போர்ட் எடுத்துட்டேன்."

பீன்ஸ் அடுத்த விதைப்பில் முளைத்தது. காய் பறிக்கும் சமயத்தில் அந்தக் குடும்பம் சிட்னிக்குப் போய்விட்டது.

அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் அறிந்த வரையில் ரொம்ப அமைதியானவர். எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். கோயிலில் நாலு பேர் கூடிப் பேசினால் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். கர்வம் என்று சில பெண்கள் சொன்னதுண்டு. அண்ணன் சொன்ன கதை வேறு மாதிரி இருந்தது.

"கல்யாணமான புதுசுல அவ பேச ஆரம்பிச்சா பஸ்ஸுல டிரைவரே திரும்பிப் பாப்பான். பாட்டு வேற. சமையக்கட்டுல பாடினா தெருவுல கேக்கும். கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் நின்னு போச்சு. இப்ப எங்க வூட்டுல ரேடியோதான் பேசுது" என்பார். ஏன் என்று கேட்டால் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஊர் முழுக்கக் கேட்கிற கேள்வியை அவர் தன் வீட்டிலும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். அவர் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

அதே வருஷம் இரண்டாவது கூவும் வந்தது. ஆக்லாந்தில் இருந்த மகளுக்குப் பிரசவம் என்று மனைவி கிளம்பிப் போனார். இருவருக்கும் சேர்த்துத்தான் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஓய்வு பெற்றதும் இவரும் போவதாகப் பேச்சு. வீட்டில் டெலிபோன் இல்லாததால் அக்கா வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்குப் பேசுவார். முதலில் எடுப்பவள் நான். ஆரம்பத்தில் நாலு வார்த்தை பேசி, மகளிடம் கொடுத்துவிடுவார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, யார் பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கலகலவென்று சிரிப்பு. என் அம்மா உடம்பு எப்படி இருக்கிறது, குமாஸ்தா இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் விசாரணை. ரிசீவரை அவரிடம் கொடுத்தால் அடுத்த மேஜை வரைக்கும் அந்தக் குரல் கேட்டது. அவர் "ஹூம், ஹூம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டியா தங்கச்சி, எப்படிப் பேசறா! எத்தன வருஷமாச்சு."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்காவின் குரல் இன்னும் தெளிவாகிக்கொண்டே போனது.

விசா வந்த வாரம் நவுசோரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். எப்போது புறப்பாடு என்று கேட்டேன்.

"நான் போவல."

"ஏண்ணே?"

"அவ அங்க நல்லா இருக்கா. இருபது வருஷம் எம் பக்கத்துல வாயே தொறக்காதவ, நான் இல்லாத எடத்துல ஆறு மாசத்துல பாட்டே பாடறா. போன வாரம் போன்ல பாடினா தெரியுமா? இதுக்கு மேல என்ன வேணும்? நான் அங்க போய் நின்னா மறுபடியும் வாடிடுவா. தள்ளி இருக்கிறதுதான் நான் அவளுக்குச் செய்யக் கூடியது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க மனுஷரா, சவுக்கு மரமா? செடிக்குத்தான் வாயி இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? அக்காகிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். அவ ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரம். பிரைமஸ் அடுப்புல ரொட்டி போட்டுட்டு இருந்தா. பின்னால போயி நின்னுகிட்டு, நான் பக்கத்துல இருக்கிறதுதான் ஒனக்கு ஆவலயான்னு கேட்டேன். திரும்பவே இல்ல. பதிலே சொல்லாம ரொட்டியப் பெரட்டிப் போட்டா. இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல முடியாதா? அவ நல்லவ, பொய் சொல்ல வரல. வுடு தங்கச்சி."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். அக்காவிடம் இதைப் பேசக் கூடாது என்று மறுநாள் சத்தியம் வாங்கிக்கொண்டார். அக்கா கேட்கும் போதெல்லாம் "வரேன், வரேன்" என்றே சொல்லி வருஷங்களைத் தள்ளினார். அக்காவே வருவதாகச் சொன்னால், கூ நடந்த ஊர், வேண்டாம் என்று தடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமையானால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கடைத்தெரு போனுக்குப் போவார். பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். இரண்டாயிரத்துக் கூவுக்கு முந்தின வருஷம் மாரடைப்பில் இறந்தார். தகனத்துக்கு வந்த அக்கா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் எங்களால் பேச முடியவில்லை.

இரண்டாயிரத்துக் கூவுக்குப் பிறகு நானும் புருஷனும் ஆக்லாந்து வந்து சேர்ந்தோம். முதல் மாதமே அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிப் பிடித்துக்கொண்டு, உட்கார வைத்து, விடாமல் பேசினார். பேச்சு நடுவே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபோது காது கேட்பதற்கான சின்ன மெஷின் ஒன்றைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"ரெண்டு காதுலயும் இருக்கு. இங்க வந்ததும் மவ டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவ சின்னப் புள்ளயா இருக்கும்போதே எனக்குக் கேக்கறது கொறைய ஆரம்பிச்சிடுச்சு. வெளிய சொன்னா செவிட்டு டீச்சர்னு வேலைய வுட்டு அனுப்பிடுவாங்களேன்னு பயம். பேசினா ஏடாகூடமாப் பதில் சொல்லி மாட்டிக்குவேன்னு பேச்சையே கொறைச்சேன். ஒன்னாங் கிளாஸ் புள்ளைங்க பொடவயப் புடிச்சு இழுத்துச் சொல்லும், அதனால தப்பிச்சேன். மத்தவங்ககிட்ட வாயப் பாத்துப் பாத்தே காலத்த ஓட்டினேன்."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"வெக்கமா இருந்துச்சு. இதப் போட்டப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். போன்ல எதுக்கு, வந்ததும் காட்டலாம்னு இருந்தேன். இதப் போட்ட முத வெள்ளிக்கெழம அவரு கொரல முழுசாக் கேட்டேன் பாரு, எத்தன வருஷம் கழிச்சு! அந்தச் சந்தோஷத்துலதான் அப்படிப் பேசினேன். பாட்டெல்லாம் பாடினேன்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏன் வரல அவரு? ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தோணும். நான் வேணாம்னு ஆயிடுச்சா அவருக்கு?"

அண்ணன் வாங்கிய சத்தியம் அவரோடு போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சவுக்கு மரத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சொன்னேன். அண்ணன் கேட்ட கேள்வியையும், பதில் வராததையும் கடைசியில் சொன்னேன்.

"எங்கிட்டயா? எப்போ?"

"நீங்க கெளம்பறதுக்கு முந்தின வாரம். அடுப்புல ரொட்டி போட்டுட்டு இருந்தீங்களாம். பின்னால நின்னு கேட்டாராம்."

"பின்னாலயா?" என்றார். அப்புறம் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"முன்னால வந்து நின்னு கேட்டிருந்தா, அவரு வாயப் பாத்திருப்பேனே" என்றார்.